அசோட்டோபாக்டர் பாக்கெட்டும் பாடப்புத்தகத்தின் ஒற்றை வரியும்

"டீச்சர், ஓச்சோவாங்கிறது பாக்டீரியாவோட பேரா?"

நீட் எழுதப்போகும் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டபிறகு நான் எடுக்கும் மாலை வகுப்பில் வந்த கேள்வி இது. பாலக்கோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருக்கிறேன். மாரண்டஅள்ளி சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள், மொத்தம் இருபது பேர். ஆறே கால் டவுன் பஸ்ஸை விட்டால் அவர்களுக்கு வேறு பஸ் கிடையாது. ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடித்துவிட வேண்டும். அன்றைக்கு மரபுக் குறியீட்டை, அதாவது ஆர்.என்.ஏ.வின் மூன்று மூன்று எழுத்துகள் புரதத்தின் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கின்றன என்ற அகராதியை, கண்டுபிடித்த கதையைச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம் என்று வந்திருந்தேன். அவர்கள் படிக்கும் புத்தகத்தில் அந்தக் கதைக்கு ஒரு பத்திதான். அதன் நடுவே ஒரு வரி வரும்: செவிரோ ஓச்சோவா நொதி, அதாவது பாலிநியூக்ளியோடைடு பாஸ்பாரிலேஸ், குறிப்பிட்ட வரிசை கொண்ட ஆர்.என்.ஏ.வை வார்ப்புரு இல்லாமலே கட்ட உதவியது என்று. வார்ப்புரு என்றால் பார்த்துக் கட்டுவதற்கான மூலச் சங்கிலி.

"ஓச்சோவா ஆள் பேரும்மா. ஸ்பெயின்ல பிறந்து அமெரிக்காவுல வேலை பார்த்தவர்" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "சரி டீச்சர். வார்ப்புரு இல்லைன்னா, எந்த எழுத்துக்கு அப்புறம் எந்த எழுத்துன்னு அந்த நொதிக்கு யார் சொல்றது? யாரும் சொல்லலைன்னா, குறிப்பிட்ட வரிசை எப்படி வரும்?"

பதினான்கு வருடமாக அந்த வரியை வாசித்திருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு இது தோன்றியதில்லை. வார்ப்புரு இல்லை என்கிறது முதல் பாதி, குறிப்பிட்ட வரிசை என்கிறது அடுத்த பாதி. இரண்டும் எப்படிச் சேரும்? "திங்கட்கிழமை சொல்றேன்" என்று அவளை உட்காரவைத்தேன். வீட்டுக்கு வந்து பழைய எம்.எஸ்சி. புத்தகங்களையெல்லாம் பரணிலிருந்து இறக்கினேன். அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வரியில் வந்து நிற்கும் வேறொரு ஆசிரியருக்கு உதவினால் போதும்.

நியூக்ளியோடைடு என்றால் என்ன என்பது பிளஸ் டூ படித்த எல்லாருக்கும் தெரியும். ஒரு சர்க்கரை, ஒரு காரம், பாஸ்பேட். ஆர்.என்.ஏ.வில் காரம் நான்கு வகை: அடினைன், யுராசில், குவானைன், சைட்டோசின். இந்த நான்கையும்தான் எழுத்து என்கிறோம். இவை ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஆர்.என்.ஏ. சங்கிலி. 1950-களின் தொடக்கத்தில் சங்கிலி இப்படித்தான் இருக்கிறது என்பதுவரை தெரிந்திருந்தது. செல் அதை எப்படிக் கோக்கிறது, எந்த நொதி கோக்கிறது என்பதை யாரும் பார்த்திருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஓச்சோவாவின் ஆய்வகத்துக்கு பாரிசிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தார். பெயர் மரியான் க்ரூன்பெர்க் மனாகோ. 1921-ல் பெட்ரோகிராடில் பிறந்து, கைக்குழந்தையாகப் பெற்றோரோடு பிரான்சுக்குப் போனவர். அவர் ஆர்.என்.ஏ.வைத் தேடி வரவில்லை. செல் சுவாசிக்கும்போது கிடைக்கும் ஆற்றல் எப்படி அடினோசின் டிரைபாஸ்பேட்டாகச் சேர்கிறது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. சுவாசத்தைப் பற்றிய ஆய்வென்றால் வேகமாகச் சுவாசிக்கும் உயிர் வேண்டும். அப்படி அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு மண் பாக்டீரியா. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் பிடித்து வைக்கும் பாக்டீரியா அது. ஆக்சிஜனைச் செலவழிப்பதில் அதற்கு ஈடான உயிர்கள் குறைவு.

அதன் பெயரைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அசோட்டோபாக்டர். எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், நிழலில், ஈரச்சாக்கு போர்த்தி அப்பா வைத்திருக்கும் உயிர் உர பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் அதே பெயர்.

இங்கே ஒரு விஷயம். மூன்று பாஸ்பேட் உள்ள அடினோசின் டிரைபாஸ்பேட்டுக்கும் இரண்டு பாஸ்பேட் உள்ள அடினோசின் டைபாஸ்பேட்டுக்கும் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ஏ.டி.பி. என்றுதான் வரும். தமிழ்வழிப் பிள்ளைகள் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். நான் கரும்பலகையில் எப்போதும் டிரைபாஸ்பேட், டைபாஸ்பேட் என்று முழுசாக எழுதுவேன். இந்தக் கதையே அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

மரியான் பாக்டீரியாவை உடைத்து எடுத்த சாற்றில் கதிரியக்கப் பாஸ்பேட்டைச் சேர்த்துப் பார்த்தார். அந்தக் கதிரியக்கப் பாஸ்பேட், அடினோசின் டைபாஸ்பேட்டின் கடைசி பாஸ்பேட்டாகப் போய் உட்கார்ந்திருந்தது. அதற்கு என்ன பொருள்? சாற்றில் இருக்கும் ஏதோ ஒரு நொதி டைபாஸ்பேட்டின் கடைசி பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. பிறகு வெளியே கிடப்பதில் ஒன்றை எடுத்து அதே இடத்தில் மாட்டுகிறது. கழற்றிய நேரத்தில் மிச்சமுள்ள பகுதி எங்கே போய் நிற்கிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான், மிச்சமெல்லாம் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாகக் கிடப்பது தெரிந்தது. சங்கிலி வளர வளரக் கரைசல் கஞ்சி போலக் கெட்டியாகும். யுராசில் உள்ள டைபாஸ்பேட்டைக் கொடுத்தால் யுராசில் சங்கிலி. அடினைன் கொடுத்தால் அடினைன் சங்கிலி. நான்கையும் கலந்து கொடுத்தால் நான்கும் கலந்த சங்கிலி. கொஞ்சம் மெக்னீசியம் இருந்தால் போதும், வார்ப்புரு எதுவும் வேண்டாம்.

இதை மரியானும் ஓச்சோவாவும் 1955-ல் வெளியிட்டார்கள். செல்லுக்கு வெளியே, சோதனைக் குழாயில், ஒரு நொதி ஆர்.என்.ஏ. சங்கிலி கட்டியது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடமே செயின்ட் லூயிசில் ஆர்தர் கோர்ன்பெர்க் ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து டி.என்.ஏ. கட்டும் நொதியைப் பிடித்தார். 1959-ல் ஓச்சோவாவுக்கும் கோர்ன்பெர்க்குக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. மரியானுக்கு அதில் பங்கு இல்லை. எங்கள் புத்தகத்து வரியிலும் அவர் பெயர் இல்லை. நொதிக்கே ஓச்சோவாவின் பெயரை ஒட்டிவிட்டார்கள். ஓச்சோவா பெரிய விஞ்ஞானி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கையில் சோதனைக் குழாயைப் பிடித்து, தேடாத ஒன்று எதிரே வந்தபோது அதை ஒதுக்காமல் பின்தொடர்ந்த பெண்ணின் பெயர் என் மாணவிகளுக்குத் தெரியாமல் போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இருபது பேரில் பதிமூன்று பேர் பெண்பிள்ளைகள்.

சனிக்கிழமை காலையில் அப்பா தக்காளி நாற்று நடுவதற்கு ஆள் சொல்லியிருந்தார். ஆடிப் பட்டம். முக்கால் ஏக்கர்தான். நாற்றின் வேரை நனைப்பது எப்போதும் என் வேலை. அப்பா பாக்கெட்டை ஈரச்சாக்கிலிருந்து எடுத்துத் தேதியைப் பார்த்தார். போன வருடம் ஒரு கடையில் தேதி முடிந்த பாக்கெட்டைத் தள்ளிவிட்டார்கள். அதிலிருந்து என் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல் அவர் பிரிப்பதில்லை. உள்ளே இருப்பது கருப்பு மாவு போல இருக்கும், பழுப்பு நிலக்கரித் தூள். கையில் எடுத்தால் லேசான ஈரம், முதல் மழைக்கு மண்ணிலிருந்து கிளம்பும் வாசனை. அந்தத் தூளின் ஒவ்வொரு கிராமிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியா உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பாக்கெட்டை அன்னக்கூடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். நாற்றுக் கட்டை வேர் மூழ்கும்படி வைத்து, கால் மணி நேரம் விட்டு எடுத்து நடவு ஆட்களிடம் கொடுக்க வேண்டும்.

"அந்தக் கூடையை வெயில்ல வைக்காத பாப்பா, செத்துப்போயிடும்" என்று வரப்பிலிருந்து சத்தம் போட்டார் அப்பா.

நிழலுக்கு நகர்த்திவிட்டு, இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். அப்பா ஒன்பதாவது வரை படித்தவர். ஆனால் கேட்கிற கேள்வியில் பள்ளிக்கூடம் தெரியாது, வெள்ளாமை தெரியும்.

"இதுல இருந்தா எடுத்தாங்க?"

"இதேதான்னு சொல்ல முடியாதுப்பா. இதுல இருக்கிறது குரோகாக்கம். அவங்க எடுத்தது வைன்லாண்டியை. ரெண்டும் பங்காளிங்க." இரண்டும் அசோட்டோபாக்டரின் இனங்கள். குரோகாக்கத்தை ஹாலந்தில் பெயரிங்க் 1901-ல் கண்டுபிடித்தார். வைன்லாண்டியையை 1903-ல் லிப்மன் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் வைன்லாண்ட் என்ற ஊரின் மண்ணில் கிடைத்ததால் அந்தப் பெயர்.

"பாஸ்பேட்டுங்கிறியே, அது நம்ம டி.ஏ.பி. மூட்டையில இருக்கிறதா?"

"அதேதான்ப்பா."

கொஞ்ச நேரம் நாற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "கழட்டுதுங்கிற, மாட்டுதுங்கிற. அதோட வேலை கட்டுறதா, பிரிக்கிறதா?"

என் மாணவி கேட்டதைவிடவும் ஆழமான கேள்வி இது. அந்த நாளில் விஞ்ஞானிகளும் இதில்தான் சில வருடம் நின்றார்கள். சோதனைக் குழாயில் அழகாகக் கட்டுகிறது; அப்படியானால் செல்லுக்குள்ளும் ஆர்.என்.ஏ.வைக் கட்டுவது இதுதானோ? ஆனால் கொடுத்ததையெல்லாம் கண்டபடி கோக்கும் நொதியால் செல்லுக்கு என்ன பயன்? மரபணுவில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து கோத்தால்தானே புரதத்துக்குச் செய்தி போகும்? அந்த வேலைக்கு உரிய நொதி, டி.என்.ஏ.வை வார்ப்புருவாக வைத்து ஆர்.என்.ஏ. கட்டும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ், 1960-ல் கிடைத்தது. நம்முடைய நொதிக்குச் செல்லுக்குள் முக்கியமான வேலை பிரிப்பது. பழைய ஆர்.என்.ஏ.வின் கடைசி முனையைப் பிடித்து, ஒவ்வொரு நியூக்ளியோடைடாகக் கழற்றும். கழற்றும்போது ஒரு பாஸ்பேட்டைச் சொருகி டைபாஸ்பேட்டாக வெளியே விடும்.

ஒரே நொதி எப்படி இரண்டு வேலையும் செய்யும் என்று அப்பாவுக்குச் சொல்ல யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "ரெண்டு கழனிக்கு நடுவுல வரப்பு உடைஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்? எதுல நிறைய நிக்குதோ அங்கிருந்து கம்மியா இருக்கிற பக்கம். உடைப்பு ஒண்ணுதான்."

அவ்வளவுதான் விஷயம். இதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது. சோதனைக் குழாயில் டைபாஸ்பேட் நிறைய, பாஸ்பேட் கிடையாது. அதனால் வினை கட்டும் பக்கம் ஓடுகிறது. செல்லுக்குள் பாஸ்பேட் ஏராளமாகக் கிடக்கிறது, டைபாஸ்பேட் குறைவு. அதனால் பிரிக்கும் பக்கம் ஓடுகிறது. டைபாஸ்பேட்டின் பிணைப்பில் இருக்கும் ஆற்றலும் சங்கிலியின் பிணைப்பில் இருக்கும் ஆற்றலும் கிட்டத்தட்டச் சமம். இரண்டு கழனியும் ஒரே மட்டத்தில் இருப்பது போலத்தான் இது, நீர் நிற்கும் அளவுதான் போகிற பக்கத்தைத் தீர்மானிக்கும்.

கோர்ன்பெர்க்கின் டி.என்.ஏ. பாலிமரேஸிலும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸிலும் இப்படி இல்லை. அவை மூன்று பாஸ்பேட் உள்ள டிரைபாஸ்பேட்டை எடுக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை ஜோடியாகக் கழற்றி விடுகின்றன. அந்த ஜோடியை வேறொரு நொதி உடனே இரண்டாக உடைத்துவிடும். ஜோடி இல்லையென்றால் திரும்பி வரும் வழியும் இல்லை. வரப்பை அடைத்துவிட்டு மேட்டுக்கழனியிலிருந்து மடை திறப்பது போல, ஒரு பக்கம்தான் பாயும். கட்டியே ஆகவேண்டிய சங்கிலிக்குச் செல் இந்த வழியைத்தான் வைத்திருக்கிறது.

பிரிப்பதும் சும்மா இல்லை. பாக்டீரியாவின் செய்தி ஆர்.என்.ஏ., அதாவது மரபணுவின் உத்தரவைச் சுமக்கும் ஆர்.என்.ஏ., பெரும்பாலும் சில நிமிடங்கள்தான் உயிரோடு இருக்கும். பிள்ளைகளிடம் சொன்னால் அந்த வேகத்தை நம்பவே மாட்டார்கள். மண்ணில் இன்றைக்கு ஈரம், நாளைக்கு வெயில். பழைய உத்தரவுகளை உடனுக்குடன் கலைத்தால்தான் புதிய உத்தரவு எடுபடும். கலைக்கும்போதும் இந்த நொதி சிக்கனக்காரன். நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தோம். இயந்திரத்தை விட்டு இடித்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும், எல்லாம் தூளாகியிருக்கும். அப்பா இரண்டு ஆளை வைத்து ஓடு ஓடாக இறக்கினார். பன்னிரண்டு நாள். அந்த ஓடுதான் இப்போது மாட்டுக்கொட்டகையின் மேல் இருக்கிறது. தண்ணீரைச் சொருகி ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதிகளும் உண்டு. அவற்றில் பிணைப்பின் ஆற்றல் வீணாகிவிடும். இது பாஸ்பேட்டைச் சொருகிக் கழற்றுவதால், இறங்கும் ஒவ்வொரு நியூக்ளியோடைடும் டைபாஸ்பேட்டாக, ஆற்றலோடு இறங்குகிறது. இன்னும் ஒரு பாஸ்பேட் மாட்டினால் டிரைபாஸ்பேட், அடுத்த ஆர்.என்.ஏ.வுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருக்கிறது.

இதன் பெயரிலேயே பாஸ்பாரிலேஸ் இருப்பதற்கும் ஒரு முன்கதை உண்டு. நம் கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் கிளைகோஜன் பாஸ்பாரிலேஸும் இதே மாதிரிதான். சோதனைக் குழாயில் கிளைகோஜனை, அதாவது உடல் சேமித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலியை, கட்டிக் காட்டியது. விஞ்ஞானிகளான கோரி தம்பதியின் ஆய்வகத்தில் அது நடந்தது. ஓச்சோவாவும் 1940-களின் தொடக்கத்தில் அங்கே வேலை பார்த்தவர். உடலுக்குள் அதன் வேலை கிளைகோஜனை உடைப்பதுதான் என்பது பிற்பாடு தெளிவானது. மூத்த நொதிக்கு நடந்தது இளைய நொதிக்கும் நடந்திருக்கிறது.

திங்கட்கிழமை மாலை. "நீ கேட்டதுதான் சரி. புத்தகத்துல இருக்கிற 'குறிப்பிட்ட வரிசை'ங்கிற அந்த ரெண்டு வார்த்தைதான் தப்பு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இந்த நொதி வரிசையை ஏற்காது. விகிதத்தை மட்டும்தான் நாம் தீர்மானிக்க முடியும். ஒரே ஒரு எழுத்தைக் கொடுத்தால் மட்டும் வரிசையும் நம் கையில் இருக்கும், ஏனென்றால் அங்கே வேறு எழுத்தே கிடையாது.

அந்த ஒரே எழுத்துச் சங்கிலிதான் கதவைத் திறந்தது. 1961 மே மாதம், மார்ஷல் நிரென்பெர்க்கும் ஹைன்ரிக் மத்தாயும் ஈ. கோலை சாற்றில் யுராசில் மட்டும் உள்ள ஆர்.என்.ஏ.வை விட்டுப் பார்த்தார்கள். அந்த ஆர்.என்.ஏ. இந்த நொதி கட்டியது. பினைல் அலனைன் என்ற ஒரே அமினோ அமிலத்தால் ஆன சங்கிலி வெளியே வந்தது. யு யு யு என்றால் பினைல் அலனைன். உயிரின் அகராதியில் மனிதன் படித்த முதல் சொல் அது. ஆகஸ்டில் மாஸ்கோ மாநாட்டில் நிரென்பெர்க் இதைச் சொன்னபோது ஒரு சின்ன அறையில் சிலபேர்தான் கேட்டார்கள். டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் விஷயம் தெரிந்து, பெரிய அரங்கில் அவரை மறுபடி பேச வைத்தார். அடினைன் சங்கிலி லைசினைக் கொடுத்தது, சைட்டோசின் சங்கிலி புரோலினைக் கொடுத்தது. குவானைன் சங்கிலி தன்மேல் தானே மடிந்து சிக்கிக்கொண்டதால் எதுவும் வரவில்லை.

சரி, மற்ற சொற்கள்? அங்கேதான் விகிதம் வருகிறது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து பார்க்கலாம் என்று ஒரு மஞ்சப்பையில் புளியங்கொட்டை கொண்டுபோயிருந்தேன். முதலில் புளியங்கொட்டை ஐம்பது, மொச்சை பத்து என்றுதான் எண்ணியிருந்தேன். வீட்டில் கைவிட்டுப் பார்த்தபோது இரண்டும் தொட்டதுமே தெரிந்துவிட்டது. பிள்ளைகள் வேண்டியதைத் தேடி எடுப்பார்கள். அதனால் அறுபதும் புளியங்கொட்டையாகவே வைத்து, பத்துக்கு மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் பூசினேன். பூசாதது யுராசில், சிவப்பு குவானைன். ஐந்துக்கு ஒன்று.

ஒவ்வொருவரும் கண்ணை மூடி ஒன்று எடுக்க வேண்டும், எழுதிக்கொண்டு பையில் போட்டுக் குலுக்க வேண்டும். மூன்று எடுத்தால் ஒரு சொல். ஆளுக்குப் பத்துச் சொல். இருபது பேருக்கு இருநூறு சொல். யாரும் வரிசை சொல்லவில்லை, நொதிக்கும் சொல்வதில்லை. எண்ணுவதற்கு முன்னால் கணக்குப் போட வைத்தேன். ஒரு தடவை பூசாதது வர வாய்ப்பு ஆறில் ஐந்து. மூன்று தடவையும் அதுவே வர 216-ல் 125. இரண்டு பூசாதது, ஒரு சிவப்பு என்றால் எந்த வரிசையானாலும் சேர்த்து 216-ல் 75. ஒரு பூசாதது, இரண்டு சிவப்பு 15. மூன்றும் சிவப்பு 1. இருநூறுக்கு மாற்றினால் ஏறக்குறைய 116, 69, 14, 1.

எங்களுக்கு வந்தது 113, 70, 16, 1.

கரும்பலகையில் இரண்டு வரிசை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது வகுப்பு ஒரு நொடி அமைதியாக இருந்தது. அப்புறம் ஒரே சத்தம். குருட்டுத்தனமாக எடுத்ததற்குள் இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது. ஓச்சோவாவின் ஆட்களும் நிரென்பெர்க்கின் ஆட்களும் இதைத்தான் செய்தார்கள். தெரிந்த விகிதத்தில் டைபாஸ்பேட்டுகளைக் கலந்து நொதியிடம் கொடுத்தார்கள், கிடைத்த ஆர்.என்.ஏ.வைப் புரதமாக்கினார்கள், எந்த அமினோ அமிலம் எத்தனை பங்கு வருகிறது என்று அளந்தார்கள். இந்த விகிதத்தில் பினைல் அலனைனுக்கு ஐந்தில் ஒரு பங்காக ஓர் அமினோ அமிலம் வந்தால், அதன் சொல்லில் இரண்டு யுராசில், ஒரு குவானைன்.

ஆனால் அந்த ஒற்றைச் சிவப்பு எங்கே இருக்கிறது? முதலிலா, நடுவிலா, கடைசியிலா? எங்கள் எழுபதைப் பிரித்துப் பார்த்தோம்: முதலில் 24, நடுவில் 22, கடைசியில் 24. மூன்றும் சமம்தான். ஜி யு யு வாலின், யு ஜி யு சிஸ்டீன், யு யு ஜி லியூசின். இந்த மூன்று அமினோ அமிலமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். எது எந்த வரிசைக்கு என்று இந்த நொதியின் சங்கிலியை வைத்துப் பிரிக்கவே முடியாது. அவள் கேட்ட "யார் சொல்றது" என்ற கேள்வி விஞ்ஞானிகளையும் இதே இடத்தில் நிறுத்தியது.

அந்த இடத்தில் ஹர்கோவிந்த் கொரானா வருகிறார். அவர் வேதியியல் முறையில் சின்னத் துண்டுகளை எழுத்தெழுத்தாகக் கட்டி, பாலிமரேஸ்களை வைத்து நீட்டினார். யுராசில், குவானைன் மாறிமாறி வரும் சங்கிலியில் யு ஜி யு, ஜி யு ஜி என்ற இரண்டு சொற்கள்தான் திரும்பத்திரும்ப வரும். அதிலிருந்து சிஸ்டீனும் வாலினும் மாறிமாறிக் கோத்த புரதம் கிடைத்தது. சிஸ்டீனின் சொல்லில் இரண்டு யுராசில் உண்டு என்று விகிதக் கணக்கு முன்பே சொல்லியிருந்தது. அப்படியானால் சிஸ்டீன் யு ஜி யு. இரண்டு தடயமும் சேர்ந்தபோது விடை விழுந்தது. 1966-க்குள் அறுபத்து நான்கு சொற்களும் படித்தாயிற்று. 1968-ல் நிரென்பெர்க், கொரானா, ராபர்ட் ஹாலி மூவருக்கும் நோபல்.

மரியான் பாரிசுக்குத் திரும்பிப் பல வருடம் பாக்டீரியா ஆய்விலேயே இருந்தார். பிரெஞ்சு அறிவியல் அகாதமியின் தலைவராக வந்த முதல் பெண் அவர்தான். 2013 ஜனவரியில் இறந்தார். அவர் பெயரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, எல்லாரையும் அந்தப் புத்தகத்து வரிக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மூன்றும் சிவப்பாக எடுத்தவன் கடைசி பெஞ்சுப் பையன். குறியீட்டு அட்டவணையைப் பார்த்து "எனக்குக் கிளைசின் டீச்சர்" என்று எழுந்து நின்றான். அதற்குள் மணி ஆறாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். அந்தப் பெண் மட்டும் கதவருகே நின்றாள்.

"டீச்சர், செல்லுக்குள்ள பிரிக்கிறதுதான் அதோட வேலைன்னீங்களே. எந்த ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கணும்னு அதுக்கு யார் சொல்றது?"

இதற்குப் பதில் இருந்தது. அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். பல ஆர்.என்.ஏ.க்களின் கடைசி முனை கொண்டை ஊசி போல மடிந்து இறுகியிருக்கும். அங்கே போய் இந்த நொதி தடுமாறி நின்றுவிடும். பிரிக்க வேண்டியது என்றால் செல் அந்த முனையில் ஒரு தளர்வான வாலைக் கட்டிவிடும், பெரும்பாலும் அடினைன் எழுத்துகளால். பிடித்து இழுக்க ஒரு நூல் கிடைத்த மாதிரி. நொதி அந்த வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும்.

"வாலை யார் கட்டுறது?"

அதற்கென்று வேறொரு நொதி இருக்கிறது. ஈ. கோலையில் சில நேரம் இதே நொதி திரும்பி நின்று, கட்டும் பக்கம் வேலை செய்து, அந்த வாலைக் கட்டுவதும் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் படியில் ஏறியபடியே, "அப்ப அதுக்கு ரெண்டு வேலையும் தெரியும்" என்றாள்.